கேள்வி-பதில்: பழைய ஜப்பான் கார்ட்டூன், புதிய படம்

கோடை விடுமுறை நெருங்கினால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து கார்ட்டூன் கேள்விகள் குவியும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன: அந்தக் காலத்து ஜப்பானியக் கார்ட்டூனை இன்றைக்குக் குடும்பத்தோடு பார்க்கும் அனிமேஷன் படமாக மாற்றுவது எப்படி, அதில் எங்கே சறுக்குகிறது? அதனால் இந்த இதழின் பகுதி முழுக்க அதற்கே.

'ஆஸ்ட்ரோ பாய்' 1963 தொடரையும் பார்த்தேன், 2009 படத்தையும் பார்த்தேன். படத்தில் வருவது ஏதோ ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறான். நானே ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அந்த முகத்தைச் செய்து பார்த்தபோதும் இதே சிக்கல். எங்கே கோட்டை விடுகிறேன்?
*விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர், காட்பாடி*

முகத்தை விடுங்கள், தலையைப் பாருங்கள். மூலக் காமிக்ஸில் ஒசாமு தெசுகா வரைந்த ஆட்டமின் (ஆஸ்ட்ரோ பாய் என்ற ரோபோ சிறுவனுக்கு ஜப்பானில் அதுதான் பெயர்) தலையில் கூராக நிற்கும் இரண்டு முடிக்கொம்புகள் உண்டு. நேராகப் பார்த்தாலும் இரண்டு தெரியும். பக்கவாட்டில் பார்த்தாலும் இரண்டு தெரியும். களிமண்ணில் பிடித்த தலையாக இருந்தால் பக்கவாட்டில் ஒரு கொம்பு மற்றதை மறைத்தாக வேண்டும். 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சிக்கு வந்து 193 பாகம் ஓடிய தொடரில் இந்தப் பொய் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்த வெளிக்கோட்டைப் பார்த்துத்தான் குழந்தைகள் ஆட்டமை அடையாளம் கண்டார்கள். முப்பரிமாண மாடலில் அந்தக் கோடுதான் முதலில் போகிறது. தோலின் பளபளப்பு, கண்ணின் ஈரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போனாலும், போன கோடு திரும்ப வராது.

தீர்வு, கொம்புகளையும் பொய் சொல்ல வைப்பதுதான். தலையில் சின்னதாக ஓர் எலும்பு (மாடலை அசைக்க உள்ளே வைக்கும் 'போன்') வைத்து, டேம்ப்ட் ட்ராக் கன்ஸ்ட்ரெய்ன்ட் என்ற கட்டுப்பாட்டைப் போட்டு அதைக் கேமராவைப் பார்க்க விடுங்கள். தலை கேமராவுக்கு எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்பதை அந்த எலும்பு சொல்லிவிடும். கொம்புகளுக்கு 0, 45, 90, 135, 180 டிகிரிக்குத் தனித்தனி ஷேப் கீ (சேமித்துவைக்கும் வடிவம்) செய்து, எலும்பின் திருப்பத்தை டிரைவர் (ஒரு மதிப்பைக் கொண்டு இன்னொன்றை இயக்கும் வசதி) மூலம் அவற்றோடு இணைக்க வேண்டும். டிரைவரில் 'லோக்கல் ஸ்பேஸ்' தேர்ந்தெடுங்கள். 'ட்ரான்ஸ்ஃபார்ம் ஸ்பேஸ்' என்று விட்டால் கன்ஸ்ட்ரெய்ன்ட்டின் விளைவு கணக்கில் வராது. கேமரா எங்கே போனாலும் கொம்பு அப்படியே நிற்கும். பலர் இந்த இடத்தில் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு, முறையே தப்பு என்று கைவிடுகிறார்கள்.

அடுத்து வரும் தொல்லை, தலை மெதுவாகத் திரும்பும்போது கொம்பு மண்டைமேல் வழுக்குவது. அதற்குத் திருப்பத்தை 4 முதல் 6 பிரேமுக்குள் முடித்து, நடுவில் ஒரு கண்சிமிட்டலை வையுங்கள். பார்ப்பவர் கண் சிமிட்டலுக்குப் போய்விடும். மூன்றாவது தொல்லை நிழல். விளக்கு இருப்பது வேறு கோணம் என்பதால் சுவரில் விழும் நிழல் குட்டை உடைத்துவிடும். பொய்க் கொம்புக்கு ரே விசிபிலிட்டி (ஒரு பொருள் கேமராவிலும் நிழலிலும் தெரிய வேண்டுமா என்று சொல்லும் அமைப்பு) பகுதியில் ஷேடோவை அணைத்துவிடுங்கள். அசல் வடிவத்தில் இன்னொரு பிரதி வைத்து, அதற்குக் கேமராவை அணைத்து ஷேடோவை மட்டும் விட்டால் போதும்.

வெளிக்கோடு வேண்டுமானால் உடம்புக்குத் தடிமன் கூட்டும் சாலிடிஃபை மாடிஃபையர் போட்டு, நார்மலை (பரப்பு பார்க்கும் திசையை) உள்பக்கமாகத் திருப்பி, கறுப்பு மெட்டீரியல் கொடுப்பது எளிய வழி. 1.35 மீட்டர் உயரப் பாத்திரத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் சரிவரும். ப்ளெண்டர் படத்தைக் கணக்கிட்டு வரைய ஈவீ, சைக்கிள்ஸ் என்று இரண்டு முறைகள் உண்டு. ஈவீயில் பேக்ஃபேஸ் கல்லிங் (பின்பக்கப் பரப்பை மறைப்பது) ஒரு டிக்கில் முடிந்துவிடும். சைக்கிள்ஸில் ஜியாமெட்ரி நோடின் பேக்ஃபேசிங்கை ட்ரான்ஸ்பேரன்ட் ஷேடரோடு கலக்க வேண்டும். அந்தக் கறுப்பு ஓடு நிழல் வீசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மறந்தால் உடம்பு முழுக்கக் கரி பூசியதுபோல் இருட்டிவிடும். கேமரா தூரம் போனால் கோடு மெலியும் என்பதால் தடிமனைத் தூரத்தோடு இணைப்பது நல்லது.

இனி அசைவு. பழைய தொடரில் பெரும்பாலும் ஒரே படத்தை 3 பிரேமுக்கு நிறுத்தினார்கள், அதாவது நொடிக்கு 8 படம். காசும் நேரமும் இல்லாததால் வந்த வழக்கம்தான். ஆனால் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சட்டென்று பாயும் அந்த வெட்டு, பாத்திரத்தின் குணமாகவே ஆகிவிட்டது. நொடிக்கு 24 பிரேமும் வழவழவென்று அசைந்தால், அசல் தெரிந்தவருக்கு அந்த ரோபோ சிறுவன் தண்ணீருக்குள் நடப்பதாகத் தோன்றும். ஒரு படத்தை 2 பிரேமுக்கு நிறுத்துவது நல்ல நடுவழி. ஒரே ஓர் எச்சரிக்கை: பாத்திரம் இரண்டிரண்டு பிரேமாக நகர, கேமரா மட்டும் ஒவ்வொரு பிரேமும் கூடவே ஓடினால், பாத்திரம் பின்னணிமேல் அதிரும். அப்படிப்பட்ட ஷாட்டில் இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவாருங்கள்.

'ஹெய்டி' போல 52 பாகம் ஓடிய தொடரை ஒன்றரை மணி நேரத் திரைக்கதையாக எழுதிப் பழகுகிறோம். எதை எடுத்தாலும் எதையோ விட்டதுபோல் இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?
*எழுத்தாளர், ஆரணி*

1974இல் இசாவோ தகாஹதா இயக்கிய ஹெய்டியை 22 நிமிடக் கணக்கில் வைத்தாலே 52 பாகம் 1,144 நிமிடம். 19 மணி நேரத்துக்கு மேல். உங்கள் கையில் இருப்பது 90 நிமிடம். அதனால் சுருக்குவதை மறந்துவிட்டுப் பொறுக்கி எடுங்கள்.

தொடரின் இலக்கணம் வேறு. பெரும்பாலும் பாகம் முடியும்போது எல்லாம் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் அடுத்த வாரம் யார் புதிதாக உட்கார்ந்தாலும் புரியும். சினிமாவில் கடைசிக் காட்சியில் நாயகன் முதல் காட்சியில் இருந்தவனாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அட்டை எழுதி, அதன் முடிவில் யாராவது மாறுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். மாறாத பாகம் எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் ஒதுக்குங்கள். கடைசியில் ஐந்திலிருந்து ஏழு அட்டை மிஞ்சும்.

2014இல் வந்த 'ஸ்டாண்ட் பை மீ டோரேமான்' இப்படித்தான் செய்தது. சோம்பேறிப் பையன் நோபிதாவுக்கு உதவ எதிர்காலத்திலிருந்து வரும் ரோபோ பூனைதான் டோரேமான். மூல ஆசிரியர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவின் சின்னச் சின்னக் கதைகளில் ஏழு கதைகளை எடுத்தார்கள். டோரேமான் வந்து சேர்வது, ஷிசுகாவுக்காக நோபிதா தவிப்பது, பனிமலை, கல்யாணத்துக்கு முந்தைய நாள், பிரிவு, திரும்பி வருவது என்று ஒரு வாழ்க்கைக் கோடு வருகிற மாதிரி அடுக்கினார்கள். அவற்றைச் சேர்த்துக் கட்ட அவர்கள் புதிதாகப் புகுத்தியது ஒரே ஒரு விதி: நோபிதா சந்தோஷமாகும்வரை டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப முடியாது; சந்தோஷமாகிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் போயே ஆக வேண்டும். தொடரில் வெறும் நண்பனாக இருந்தவனின் தலைமேல் அந்த ஒரு விதியால் கெடு தொங்கத் தொடங்குகிறது. ஏழு கதையும் அந்தக் கெடுவை நோக்கி நகர்கின்றன. நீங்கள் தேட வேண்டியதும் இப்படி ஒரு விதியைத்தான். இரண்டாவது விதியைச் சேர்த்தால் படம் விளக்கத்திலேயே முடிந்துவிடும்.

இன்னொரு வழி, பார்வையை மாற்றுவது. 1990 முதல் 1996 வரை கூடைப்பந்துக் காமிக்ஸாக வந்த 'ஸ்லாம் டங்க்'கில் நாயகன் சகுராகி. 2022 படத்தை இயக்கிய மூல ஆசிரியர் தகேஹிகோ இனோவே, மியாகி என்ற இன்னொரு ஆட்டக்காரனை நடுவில் நிறுத்தினார். ஒரே ஒரு பந்தயம். இடையிடையே மியாகியின் பழைய வாழ்க்கை. தெரிந்த கதை தெரியாத கதையானது.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்கு ஆரணிக்காரருக்கு வெளியூர் உதாரணம் எதற்கு? புரிசைப் பக்கத்துக் கூத்தைப் பாருங்கள். கட்டியங்காரன் நேற்று நடந்த ரேஷன் கடைச் சண்டையைக்கூட மேடைக்குக் கொண்டுவருவான். துரியோதனனின் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் யாரும் கைவைக்க மாட்டார்கள். நோபிதா கையில் செல்போன் கொடுக்கலாம். சோம்பேறித்தனத்தைப் பிடுங்கினால் அவன் நோபிதா இல்லை.

பழைய கார்ட்டூன்களில் அடிதடி, புகைபிடித்தல், வேறு சில அசட்டு நகைச்சுவைகள் இருக்கின்றன. புதிய படத்தை 8 வயது மகளோடு நம்பிப் பார்க்கலாமா?
*ஒரு தகப்பனார், ஆம்பூர்*

போஸ்டரில் கார்ட்டூன் முகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். முன்பு 'யுஏ' என்று ஒரே பிரிவு இருந்தது. இப்போது அதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு 'யு'வும் யுஏ 7+ம் பொருந்தும்.

குடும்பப் படம் எடுப்பவர்கள் முதலில் கத்தரி வைக்க வேண்டிய இடங்கள் தெரிந்தவைதான். ஷிசுகா குளிக்கும்போது நோபிதா தவறிப்போய் உள்ளே நுழைவது பழைய டோரேமானில் அடிக்கடி வரும் சிரிப்பு. இன்றைக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை; எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முரட்டுப் பையன் ஜியான் நோபிதாவை அடிப்பதை அப்படித் தூக்க முடியாது. அடி இல்லாவிட்டால் நோபிதா டோரேமானிடம் அழுதுகொண்டு ஓட மாட்டான், டோரேமானின் அதிசயக் கருவியும் வராது, கதையும் வராது. அதனால் அடி விழும் தருணத்தைத் திரைக்கு வெளியே தள்ளி, தூசியையும் சத்தத்தையும் மட்டும் காட்டுவது நல்ல வழி. மகனைப் பறிகொடுத்த விஞ்ஞானி அவன் சாயலில் ஒரு ரோபோ செய்கிறார் என்பதுதான் ஆட்டமின் பிறப்பு. மூலக்கதையில் கார் விபத்து. 2009 படத்தில் ஆயுதச் சோதனை ஒன்றில் மகன் சாகிறான். வழி மாறியது, சாவு மாறவில்லை. அதை நீக்கினால் படமே கிடையாது என்பது எங்கள் கட்சி. குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயாராகப் போங்கள். ஆட்டமின் இடுப்புக்குப் பின்னால் இருந்து துப்பாக்கி நீளும் சங்கதியையும் அந்தப் படம் விட்டுவைத்திருக்கிறது. அதைப் பற்றியும் கேள்வி வரும்.

மாயா தேனீ ஏன் இளைத்துப் போனாள்?
*வாசகி, வாணியம்பாடி*

1975 ஜப்பானியத் தொடரில் கொழுகொழுவென்று இருந்தவள்தான். முப்பரிமாணத்தில் மறுபடி செய்தபோது இடுப்பை ஒடுக்கினார்கள். ஐரோப்பாவில் அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. 2014 படத்திலும் அதே ஒல்லி உருவம்தான். உருண்டை உடம்பில் கை வயிற்றுக்குள் புதைந்துபோகும், அனிமேட்டருக்குத் தலைவலி என்று காரணம் சொல்லலாம். டோரேமானைவிட உருண்டையா மாயா? 129.3 சென்டிமீட்டர் உயரம், 129.3 கிலோ எடை என்று எழுதிவைத்த பூனையை விரல்கூட இல்லாத கையோடு அப்படியே முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தார்களே!

எங்கள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 20 பேர், டோரேமானை வைத்து 2 நிமிடப் படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். கம்ப்யூட்டர் ஒன்றுதான். முடியுமா? உரிமைப் பிரச்சினை வருமா?
*ஆசிரியை, குடியாத்தம்*

முடியும், டோரேமான் இல்லாமல். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996இல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, ஆக 2056 முடியும்வரை. ஜப்பானில் 70 ஆண்டு. வகுப்பறையில் வரைந்து பழகுவதை யாரும் தேடி வர மாட்டார்கள். யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. டோரேமானின் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு உருவத்தை நீங்களே செய்யுங்கள். அசட்டுப் பையன் ஒருவன், ஒரு பொருள், அந்தப் பொருளை ஆசைப்பட்டு அதிகம் பயன்படுத்தியதால் வரும் வம்பு: இந்த அமைப்புக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

கணக்கு இது. 120 நொடிக்கு, நொடிக்கு 8 படம் என்றால் 960. அவ்வளவு வேண்டாம். பழைய ஜப்பானியர்கள் செய்ததுபோல் உடம்பை நிறுத்தி வாயை மட்டும் மாற்றுங்கள். வாய்க்கு மூன்று படம் (மூடியது, பாதி, திறந்தது), கண்சிமிட்டலுக்கு மூன்று. நடைக்கு எட்டுப் படம். ஒவ்வொன்றையும் 3 பிரேம் நிறுத்தினால் சரியாக ஒரு நொடிச் சுற்று, அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். இப்படித் திட்டமிட்டால் 300 படத்தில் முடியும், ஆளுக்கு 15.

75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் போதும். ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் துளைகள் 80 மில்லிமீட்டர் இடைவெளியில், 6 மில்லிமீட்டர் அகலத்தில் விழும். ஒரு மரச்சட்டத்தில் அதே இடைவெளியில் அந்தத் துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் இரண்டு முளை அடித்துவிட்டால் எல்லாத் தாளும் ஒரே இடத்தில் உட்காரும். முளை தொளதொளவென்று இருந்தால் படம் முழுக்க நடுங்கும். கண்ணாடிக்குக் கீழே எல்இடி பல்பு, இதுதான் லைட் டேபிள். செல்போனை ஸ்டாண்டில் மாட்டிப் படம் எடுக்கும்போது ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்யுங்கள். விட்டால் போன் ஒவ்வொரு தாளுக்கும் தானாக வெளிச்சத்தை மாற்றும். ஓட்டிப் பார்த்தால் மின்னல் அடிக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். சேர்க்க ஓபன்டூன்ஸ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸிலிருந்து வந்தது.

ஜப்பானியக் கார்ட்டூனுக்குத் தமிழ் டப்பிங் எளிதா, புது முப்பரிமாணப் படத்துக்கு எளிதா?
*டப்பிங் பழகுபவர், ராணிப்பேட்டை*

பழையதுதான் எளிது. அதில் வாய்க்கு மூன்று படம்தான், எந்த மொழியும் ஒட்டும். முப்பரிமாணப் படத்தில் உதடு மூல மொழிக்கேற்ப மூடித் திறக்கிறது. எனவே வசனம் எழுதும் முன் குளோசப் ஷாட்டுகளில் உதடு மூடும் பிரேம்களைக் குறித்துவையுங்கள். அங்கே ப, ம விழ வேண்டும். மூடாத இடத்தில் அவை விழக் கூடாது. உதவி கேட்டு 'தஸுகெதே' என்று கத்தும் ஜப்பானிய வாயில் உதடு ஒருமுறைகூட மூடாது. அங்கே 'காப்பாத்து' போட்டால் 'ப்ப' உறுத்தும். 'கை குடு' உட்கார்ந்துகொள்ளும். ஒலி ஒரு பிரேம் பிந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது. தூரத்து ஷாட்டிலும் முதுகு காட்டும் ஷாட்டிலும் இந்தக் கவலையை விட்டுவிட்டு நல்ல தமிழுக்கு இடம் கொடுங்கள்.

ஜப்பான்காரர்கள் எடுத்த ராமாயணம் உண்மையிலேயே உண்டா?
*வாசகர், வாலாஜாபேட்டை*

உண்டு. யூகோ சாகோ முன்னின்று, நம் ராம் மோகனும் சேர்ந்து இயக்கிய படம், 1992இல் முடிந்தது. 2025 ஜனவரியில் துலக்கிய பிரதி தமிழ்க் குரலோடும் தியேட்டருக்கு வந்தது. கையால் வரைந்த படத்தை முப்பரிமாணமாக்காமல் அப்படியே துலக்கி வெளியிட்டது நல்ல முடிவு.

நாலு கம்ப்யூட்டர் வைத்து 5 நிமிட முன்னோட்டப் படம் ரெண்டர் செய்கிறோம் (முப்பரிமாணக் காட்சியைப் பிரேம் பிரேமாகப் படமாக்குகிறோம்). மே மாதத்தில் பாதியில் நின்றுவிடுகிறது. கரண்டும் போகிறது. என்ன செய்யலாம்?
*சிறு ஸ்டூடியோ, சத்துவாச்சாரி*

5 நிமிடம் என்றால் 7,200 பிரேம். பிரேமுக்கு 10 நிமிடம் பிடித்தால் 1,200 மணி நேரம். நாலு கம்ப்யூட்டருக்குப் பங்கிட்டால் தலைக்கு 300 மணி நேரம். நிறுத்தாமல் ஓடினாலே பன்னிரண்டரை நாள். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் பகலில் அப்படி ஓட்டுவது இயந்திரத்துக்குச் செய்யும் துரோகம். அறையே 40 டிகிரியைத் தொட்டால் கிராபிக்ஸ் கார்டு 80ஐத் தாண்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்டின் பவர் லிமிட்டை 75 முதல் 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். சூடு நன்றாகக் குறையும், வேகம் கொஞ்சம்தான் குறையும். ராத்திரி 9 முதல் காலை 6 வரை ஓட்டினால் 34 ராத்திரி ஆகும். கேமராவும் பாத்திரமும் இரண்டிரண்டு பிரேமாக நகரும் ஷாட்டுகளில் பாதிப் பிரேம்தான் ரெண்டர் செய்ய வேண்டும் என்பதால் அதுவும் குறையும்.

வீடியோ ஃபைலாக நேரே ரெண்டர் செய்யாதீர்கள். கரண்ட் போனால் மொத்த ஃபைலும் கெடும். பிஎன்ஜி அல்லது ஈஎக்ஸ்ஆர் படங்களாக, பிரேமுக்கு ஒரு ஃபைல் என்று சேமியுங்கள். நாலு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்து, ப்ளெண்டரில் ஓவர்ரைட்டை அணைத்து, பிளேஸ்ஹோல்டர்ஸை டிக் செய்தால் நாலும் தாமாகவே பிரேம்களைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று எடுத்ததை இன்னொன்று தொடாது. கரண்ட் போய் வந்தபின் மட்டும் ஒரு வேலை இருக்கிறது. பாதியில் நின்ற பிரேமுக்குப் பெயரளவில் ஒரு வெற்று ஃபைல் கிடக்கும். அதைப் பார்த்து 'முடிந்தது' என்று ப்ளெண்டர் தாண்டிப் போய்விடும். ஃபோல்டரை அளவுவாரியாக அடுக்கி, 0 கேபி காட்டும் ஃபைல்களை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.